பதினொன்றாம் வளைவுக்காரன்

அட்டைக்கு முப்பது ரூபாய் கூலி.
"நாப்பது வார்த்தை தாண்டினா எழுத்து பொடியாப் போயிடும்மா,
பசங்களுக்குக் கண்ணு வலிக்கும்" என்றார் தண்டபாணி.
செவ்வாய்ப்பேட்டை அச்சகத்தில்
கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன்.
என் மேசையில் கவிழ்த்தார்
ஒரு மஞ்சள் பை நிறைய
விரல் உயரப் பிளாஸ்டிக் ஆட்களை.

ஏற்காட்டுச் சாலையில் இருபது கொண்டை ஊசி.
வளைவுக்கு ஒரு காவலன்.
மேலே பனிக்குள் ஒரு நகரம்.
கீழேயிருந்து அதைத் திருட வரும் வெயில்.
அவர் சொன்னது இவ்வளவே.
மற்றதை நான் கட்டினேன்
மதியச் சோற்றுக்கும் மூன்று மணித் தேநீருக்கும் நடுவில்,
மலையேறிப் பார்க்காமலே.
அடிவாரம் தாண்டினால் எனக்குக் குடல் புரளும்.

இருபத்தாறு வருடம் கழித்து அழைத்தார்கள்.
எலுமிச்சம்பழத்தை மூக்கோடு அழுத்திக்கொண்டு
கண்மூடி ஏறினேன்.
ஒரு வளைவையும் எண்ணவில்லை.

ஏரிக்கரை விடுதியில் மாடி அறை.
முப்பது பேர் இருக்கும், பாதித் தலை நரைத்திருந்தது.
கைக்குட்டை பிரித்து, பஞ்சு விலக்கி
மேசையில் நிறுத்தினார்கள் அவரவர் ஆளை.

நாலாமவனுக்கு ஏன் இடக்கை இல்லை?

அச்சு உடைந்தது. காரணம் அதுதான்.
நான் எழுதியதோ:
கையை வெயிலிடம் அடகு வைத்தான், மீட்கப் போகவில்லை.
வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் எழுந்து
வட்டி எவ்வளவு என்றார், சிரிக்காமல்.

ஏழும் பதினொன்றும் ஒரே முகம். இரட்டையரா?
ஒன்பதாமவள் ஏன் சாலைக்கு முதுகு காட்டி நிற்கிறாள்?
பனி நகரத்தில் குழாய்த் தண்ணீர்
எத்தனை நாளுக்கு ஒருமுறை?
(கேட்டவர் அம்மாப்பேட்டைக்காரர்.
கேட்காமல் எப்படி இருப்பார்.)

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தேன்.
சாயம் மிச்சமானது, அச்சுக்குப் பணம் பற்றவில்லை,
இடம் நிரப்பினேன் ஐயா, இடம் நிரப்பினேன்.
அதற்குள் செண்பகலதா என்றொரு பெண்
"எங்க வீட்டு நாலாமவனுக்கு ரெண்டு கையும் இல்லைங்க,
நாய் கடிச்சிருச்சு. அது கதையில சேருமா?"
சேரும் என்றேன்.
அன்று யோசிக்காமல் வந்த பதில் அது ஒன்றுதான்.

இருபதாமவன் எங்கே என்றார்கள் கடைசியில்.
பத்தொன்பதோடு தண்டபாணி கடையை மூடிவிட்டார்.
"தெரியாது" என்றேன்.
அறை முழுக்க ஒரு சந்தோஷம்.
எழுதியவருக்கே தெரியாது என்று
ஆளாளுக்குக் குறித்துக்கொண்டார்கள்.

பின்வரிசையில் காக்கிச் சட்டையோடு ஒருவர்
ஒன்றுமே கேட்கவில்லை.
குழந்தைவேல். சேலத்துக்குக் கடைசி வண்டி அவருடையது.
"முன் சீட்டுல உக்காருங்க, வாந்தி வராது."

இருட்டில் இறங்கினோம்.
கண்ணாடியில் ஈரத்துணி போட்டதுபோல் பனி.
இருபது, பத்தொன்பது, பதினெட்டு.
வளைவுக்கு ஒருமுறை ஹாரன்,
எல்லா ஓட்டுநரும் செய்வதுதான்.
பலகையில் பதினொன்று வந்தபோது
இரண்டு முறை அடித்தார்,
நடுவில் கொஞ்சம் விட்டு,
கதவு தட்டுகிற மாதிரி.

என் கைக்குள் எலுமிச்சை நசுங்கியது.
இவன் தூங்குமூஞ்சி. இரண்டு தரம் கூப்பிடு.
கடைசி வரி பாதியில் நின்றதால்
அட்டைக்கு அழகில்லை என்று
அச்சுக் கோப்பவர் கேட்டு வாங்கிய ஐந்து சொல்.

"பதினேழு வருஷமா" என்றார் சாலையைப் பார்த்தபடி.
"ஒருநாள் மறந்துட்டேன்.
டிப்போ போய்ச் சேர்றவரைக்கும் மனசே சரியில்ல."

பத்தாவது.
ஹாரனைத் தொடவே இல்லை.
விளக்கை மட்டும் தாழ்த்தி உயர்த்தினார்.
ஏன் என்றேன்.
முதல்முறையாக என் பக்கம் திரும்பி
"நீங்கதானே எழுதுனீங்க,
பத்தாமவனுக்குக் காது கேக்காதுன்னு."

கொஞ்ச தூரம் பேசாமல் போனோம்.
பிறகு நான் கேட்டேன்,
"அப்ப அந்த ஒன்பதாமவ
ஏங்க முதுகு காட்டி நிக்கிறா?"

அவர் கியரைக் குறைத்தார்.
ஒன்பதாவது வளைவு வந்துகொண்டிருந்தது.